புகைபோக்கியில் கரி சேர விடலாமா?

புகையில்லா அடுப்பு போட்டும் சமையற்கட்டில் புகை மண்டுகிறதா? பெரும்பாலும் காரணம் ஈர விறகுதான். பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பகுதி செலவாகிவிடும். விறகு சரியாக எரியாமல் புகையும். அந்தப் புகை குழாயில் கரியாகவும் பிசினாகவும் படியும். குழாய் அடைத்துக்கொண்டால் புகை திரும்பி வந்து, சமைக்கும் தாய்மார், குழந்தைகளின் கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும்.

ஆகவே விறகைப் பிளந்து வெயிலில் காயவைத்து, மழை படாத இடத்தில் அடுக்குங்கள். ரெண்டு கட்டையைத் தட்டினால் ‘ணங்’கென்று கேட்கணும், ‘தொப்’பென்றால் இன்னும் ஈரம் இருக்கு. மாதம் ஒருமுறை, அடுப்பு நன்றாக ஆறியபின், நீளமான மூங்கில் கம்பில் சாக்கைச் சுற்றிக் கட்டி, குழாயின் உள்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். புகையும் குறையும்; விறகும் மிச்சம்.