பசளை மூடையிலுள்ள குறிகளை அறிந்துகொள்ளுங்கள்

கமக்காரர்களே,

பசளை மூடையின் மீதும் பீடைநாசினிப் போத்தலின் மீதும் சில தனி எழுத்துக்களும் எண்களும் பொறிக்கப்பட்டுள்ளன. நீங்கள் கொடுக்கும் பணத்திற்குக் கிடைக்கும் சத்து எது, எவ்வளவு என்பதை இவற்றைக்கொண்டே அறியலாம்.

என்., பீ., கே.

முதலாவது நைதரசனையும், இரண்டாவது பொசுபரசையும், மூன்றாவது பொற்றாசியத்தையும் குறிக்கும். பொற்றாசியத்திற்கு இலத்தீனிலே 'காலியம்' என்று பெயர். அதன் முதலெழுத்தே கே. அப்பெயர் தாவரச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. 'பொற்றாசு' என்பதும் பானைச் சாம்பல் என்னும் பொருளதே. அடுப்புச் சாம்பலைத் தோட்டத்திலிட்ட நம் முன்னோர் பயிருக்கு ஊட்டியதும் இச்சத்தையே.

யூரியாவின் 100 பங்கில் 46 பங்கு நைதரசன் உண்டு. எனவே 50 கிலோ மூடையொன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கும். ரி.எஸ்.பீ. எனப்படும் மும்மைச் சுப்பர்பொசுபேற்றின் மீதும் பொதுவாக 46 என்றே காணப்படும். ஆனால் அது பொசுபரசுச் சத்தைக் குறிக்கும் எண். எண் ஒன்றாயினும் சத்து வேறு. ஒன்றுக்கு மற்றையது ஈடாகாது.

கி.கி., மி.லீ.

'கிலோ' என்பது ஆயிரம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். 'மில்லி' என்பதும் ஆயிரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே வந்தது. ஆயினும் அளவைகளில், கிலோ ஆயிரம் மடங்கு. மில்லி ஆயிரத்திலொரு பங்கு. ஆகவே 1000 மி.லீ. சேர்ந்தால் 1 லீற்றர். பீடைநாசினியைப் போத்தல் மூடியாலோ சமையற் கரண்டியாலோ அளத்தல் கூடாது. அளவுக் குவளையையே பயன்படுத்துங்கள்.

நாம் அந்தர் என்பது 112 இறாத்தல், அதாவது 50.8 கிலோ. இக்காலத்து 50 கிலோ மூடையையும் அந்தர் என்றே வழங்குகிறோம். இதனாற் பெருந்தவறு நேராது.

ஹெக்டேயரும் ஏக்கரும்

பெருந்தவறு நேர்வது இங்கேதான். 1 ஹெக்டேயர் ஏறக்குறைய 2½ ஏக்கர். ஹெக்டேயருக்கு 100 கிலோ எனக் குறிப்பிட்டிருந்தால், ஏக்கருக்கு 40 கிலோவும், யாழ்ப்பாணத்துப் பரப்பொன்றுக்கு 2½ கிலோவுமே போதும். ஹெக்டேயருக்குரிய யூரியாவை ஓர் ஏக்கரில் இட்டால் நெற்பயிர் மிதமிஞ்சிக் கொழுத்துச் சாயும். எரிபந்த நோயும் கபிலநிறத் தத்தியும் பெருகும். பணமும் போய் விளைவும் போகும்.

ஆகவே மூடையை அவிழ்க்குமுன் மூன்றைக் கவனியுங்கள்: சத்து எது? 100 பங்கில் எத்தனை பங்கு? சிபாரிசு ஏக்கருக்கா, ஹெக்டேயருக்கா? ஐயமேற்படின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்த பின்னரே வயலில் இடுங்கள்.