ரப்பர் தோட்டமும் ஆங்கிலத் துறையும்

மலேசியப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒன்று, இலக்கியமோ மொழியியலோ முதன்மையான கலைப் பட்டம். மற்றொன்று, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப் பயிற்சி தரும் கல்விப் பட்டம்; டெசல் என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது இதுதான். முதலாவதில் நாடகம், நாவல், கவிதை, திறனாய்வு. இரண்டாவதில் பாடத்திட்டம், மதிப்பீடு, பள்ளிகளில் நேரடிப் பயிற்சி. விண்ணப்பிக்கும் முன்பே இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. நடுவில் மாறுவது எளிதல்ல.

கெடா மாநிலத்தின் குருண், பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் வரை வரும் வழி நீண்டது. ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளி, தேசிய மொழித் தேர்ச்சி போதாதவர்களுக்கு ஓராண்டு புகுமுக வகுப்பு, பிறகு மலாய்வழி இடைநிலைப்பள்ளி. ஆங்கிலம் வழியெங்கும் ஒரு பாடமாகவே உடன் வருகிறது. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்., பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்.டி.பி.எம். இரண்டிலும் ஆங்கில இலக்கியத்தைத் தனிப் பாடமாக எடுக்க இடமுண்டு; எடுப்பவர்கள்தாம் குறைவு. அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கு 1999-இல் வந்த மூவெட் எனும் ஆங்கிலத் தேர்வும் வேண்டும்.

இந்த வட்டாரத்திலிருந்து ஆங்கிலத் துறைக்குப் போனவர்களில் நன்கறியப்பட்டவர் கே.எஸ்.மணியம். 1942-இல் பீடோங்கில் பிறந்தார். தந்தை மருத்துவமனைத் துணி வெளுக்கும் தொழிலாளி. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் சிறிது காலம் இருந்தபின் ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றப்பட்டார்; சுங்கைப் பட்டாணி இப்ராஹிம் பள்ளியில் படித்தார். அங்கிருந்து அவர் நேரே பல்கலைக்கழகம் போய்விடவில்லை. 1962 முதல் 1964 வரை இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில், மலாயா அரசு நடத்திய பிரின்ஸ்ஃபர்ட் லாட்ஜ் ஆசிரியர் கல்லூரியில் பயின்று, கெடாவுக்குத் திரும்பி ஆசிரியரானார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தது 1970-இல், 28 வயதில். முதுகலை முடித்து அதே துறையில் விரிவுரையாளராகி 1997-இல் ஓய்வு பெற்றார். 2020-இல் காலமானார்.

1981-இல் வெளிவந்த அவரது ‘தி ரிட்டர்ன்’ நாவல், ஆங்கிலக் கல்வி ஒரு தமிழ்ப் பையனை என்ன செய்கிறது என்பதை உள்ளிருந்து சொல்கிறது. பள்ளி நாவலின் நாயகன் ரவியை உயர்த்துகிறது. அதே பள்ளி அவனை வீட்டிலிருந்து விலக்கவும் செய்கிறது. சொந்த நிலம் தேடி அலையும் தந்தைக்கும் படித்துத் திரும்பிய மகனுக்கும் பேச்சே வற்றிப்போகிறது. ஆங்கிலம் படித்தால் வேலை உறுதி என்று பேசுவோர் இந்த விலையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

மணியம் பட்டம் பெற்ற காலத்திலேயே கீழே தரை மாறிக்கொண்டிருந்தது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் முதலாம் ஆண்டு தொடங்கிப் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. 1980-களின் தொடக்கத்தில் அந்த மாற்றம் பல்கலைக்கழகத்தை எட்டியது. மலாயில் எழுதப்படுவதே தேசிய இலக்கியம் என்ற நிலைப்பாட்டில், ஆங்கிலப் படைப்புகளும் தமிழ்ப் படைப்புகளும் ‘பிரிவு இலக்கியம்’ என்ற ஒரே அடுக்கில் வைக்கப்பட்டன. காலனி ஆட்சியின் மொழியும் பால்மரம் சீவியவர்களின் மொழியும் அப்படிப் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றது வேடிக்கைதான்.

இன்று ஆங்கிலப் படிப்பு எங்கெல்லாம் கொண்டுசெல்கிறது? முதலில் வகுப்பறைக்கு. தொடக்கப்பள்ளி ஆசிரியராக விரும்புவோருக்கு ஆசிரியர் கல்விக் கழகம் இருக்கிறது. அதன் வளாகம் ஒன்று சுங்கைப் பட்டாணியிலேயே உள்ளது. பயிற்சிக் காலத்தில் படிப்பணமும் கிடைப்பதால், தோட்டக் குடும்பங்களுக்கு இதுவே பாதுகாப்பான வழியாகத் தெரிகிறது.

கலைப் பட்டத்துக்கு அப்படி ஒரு நேர்ச்சாலை கிடையாது; வீட்டில் ஐயம் எழுவதும் அதனால்தான். குருணுக்குத் தெற்கே செமெலிங்கில் உள்ள, மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. 2001-இல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் பேர்போனது. பெற்றோர் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆனாலும் பத்திரிகை, பதிப்பகம், விளம்பரம், நிறுவனங்களின் தகவல் தொடர்புப் பிரிவு ஆகியவை ஆங்கிலத்தில் தெளிவாக எழுதத் தெரிந்தவர்களைத் தேடுகின்றன. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் கைவசம் உள்ளவர்களுக்கு மொழிபெயர்ப்பும் நீதிமன்ற உரைபெயர்ப்பும் கூடுதல் வாய்ப்புகள். மூன்று மொழிகளில் வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைக்கு இது இயல்பான முன்னிலை. அதைப் பட்டத்தோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு.

சட்டத்துறையும் தூரமில்லை. மலாயாப் பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியரும் நாவலாசிரியருமான லாயிட் ஃபெர்னாண்டோ, இலங்கையில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்தவர். 1978-இல் பதவியிலிருந்து விலகிச் சட்டம் படித்து, ஐம்பது வயதைத் தாண்டியபின் வழக்கறிஞரானார்.

பல்கலைக்கழகத்திலேயே கற்பிக்க விரும்புவோருக்கு இப்போது முதுகலை பெரும்பாலும் போதாது. முனைவர் பட்டமும் ஆய்விதழ்க் கட்டுரைகளும் கேட்கப்படுகின்றன. இளங்கலையிலிருந்து அந்த நிலையை எட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும்.