உட்கார ஒரு சட்டம்

இதை நீங்கள் நின்றுகொண்டேதான் படிக்கிறீர்கள். படித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆகும். அதற்குள்ளேயே ஒரு காலை மாற்றி மறு காலில் நிற்பீர்கள், பாருங்கள்.

என் அக்கா டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை செக்ஷனில் இருக்கிறாள். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சோறுகூட கேட்கமாட்டாள். தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் தூக்கிச் சுவரில் சாய்த்துக்கொள்வாள். கெண்டைக்காலில் நீல நரம்பு நெளிநெளியாகத் தெரியும். அவளுக்கு வயது இருபத்திரண்டுதான்.

அது ஏன் என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். காலில் இறங்கிய இரத்தம் சிரை வழியாக மேலே ஏறி இதயத்துக்குப் போக வேண்டும். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரையைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. கீழே திரும்பி வராமல் தடுக்கச் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. அசையாமல் நின்றுகொண்டே இருந்தால் இரத்தம் காலிலேயே தேங்கும். நாளாக நாளாகச் சிரை வீங்கிச் சுருண்டுவிடும். இதைத்தான் வெரிகோஸ் என்கிறார்கள்.

இதற்கு ஒரு சட்டமே இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. வேலை நேரம், வார விடுமுறை எல்லாம் அதில் உண்டு. உட்காருவது பற்றி மட்டும் ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டம் சொல்லிவிட்டது. கடைக்காரர்களுக்கு 2021 செப்டம்பரில்தான் அமைச்சர் சி.வி.கணேசன் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். கழித்துப் பார்த்தால் 73 வருஷம்!

புதிதாகச் சேர்த்த 22-ஏ பிரிவு சொல்வது இதுதான்: கடையில் வேலை செய்கிற எல்லாருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். நாள் முழுக்க நிற்கும் நிலை வரக்கூடாது.

நமக்கு முன்னாலேயே 2018-ல் கேரளாவில் இந்தச் சட்டம் வந்துவிட்டது. சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் 'பெண்கூட்டு' என்று ஒன்று சேர்ந்தார்கள். முதலில் கழிப்பறை கேட்டார்கள், அப்புறம் இருக்கை கேட்டார்கள். இங்கிலாந்தில் 1899-லேயே கடையில் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள்.

"உங்க கடையில ஸ்டூல் இருக்காக்கா?" என்று கேட்டேன். "நான் சேர்ந்தப்பவே இருந்துச்சு. அதுல யாரு உட்கார்றா? துணிக்கட்டுதான் உட்கார்ந்திருக்கு" என்று சிரித்தாள். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் ஒன்றும் திட்டமாட்டாராம். பக்கத்தில் வந்து நின்று பார்ப்பாராம், அவ்வளவுதான். உடனே எழுந்துவிடுவார்களாம்.

முதலாளி பக்கமும் யோசித்தேன். வாடிக்கையாளர் வரும்போது ஊழியர் உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லை என்று பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்களோ என்று அவருக்குப் பயம் இருக்கலாம். ஆனால் எல்லாக் கடைக்கும் ஒரே சட்டம் என்னும்போது அந்தப் பயம் எதற்கு? எனக்கு இடிப்பது 'வாய்ப்பு' என்ற சொல்தான். தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தால் ஸ்டூலை எண்ணிப் பார்க்கலாம். யாருக்கு எப்போது வாய்ப்புக் கிடைத்தது என்பதை எப்படி எண்ணுவார்? புகார் கொடுக்கலாம்தான். கொடுத்தால் வேலை இருக்குமா என்கிறாள் அக்கா.

போன தீபாவளிக்கு அம்மாவும் நானும் வேறொரு கடையில் நாற்காலியில் உட்கார்ந்து நாற்பது சேலையாவது விரிக்கச் சொல்லியிருப்போம். எதிரே நின்ற அக்காவிடம், "நீங்களும் உட்காருங்கக்கா" என்றேன். அவர் முதலில் சூப்பர்வைசர் எங்கே என்று திரும்பிப் பார்த்தார். பிறகு ஸ்டூல் நுனியில் உட்கார்ந்தார். நாங்கள் சேலை எடுத்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே நன்றாகத்தான் விரித்துக் காட்டினார்.

இதை எழுதப்போகிறேன் என்றதும் என் அக்கா, "கடை பேரை மட்டும் போட்டுடாதடி" என்றாள். போடவில்லை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி