யாரும் எழுதாத பெயர்ச்சீட்டு

எங்கள் வீட்டு அடுப்படியில் சீனிப் போத்தலும் உப்புப் போத்தலும் ஒரே மாதிரியானவை. முன்பு இரண்டிலும் பெயர் இருக்கவில்லை. உம்மா கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தேநீருக்குப் போடுவார். பின்பு பெயர் ஒட்டினோம். ஒரு நாள் சீனி முடிந்த போத்தலில், பெயரைக் கழற்றாமலே நான் உப்பை நிரப்பிவிட்டேன். அன்று எல்லோரும் உப்புத் தேநீர்தான் குடித்தோம். பெயரில்லாத போத்தலைச் சோதித்துப் பார்ப்போம். பிழையான பெயருள்ள போத்தலை நம்பிவிடுவோம்.

கணினியில் தரவுகளை அடுக்கும்போதும் இதே சிக்கல் வருகிறது.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் நாம் அணி என்பதை அறிவோம். பெறுமானங்களை வரிசையாக வைக்கும் அமைப்பு அது. ஒரு வரிசை என்றால் ஒரு பரிமாணம். நிரையும் நிரலும் இருந்தால் இரண்டு. வானிலைத் தரவுகளுக்கு நாள், அகலக்கோடு, நெடுங்கோடு என மூன்றாவது தேவை. பைத்தன் மொழியில் பயன்படும் நம்பை என்ற மென்பொருள் இவற்றை இருக்கும் இடத்தைக் கொண்டு மட்டுமே அறியும். முதலாவது இடம் 0, அடுத்தது 1. அந்த 0 எந்தத் திகதி என்பது அதற்குத் தெரியாது.

இக்குறையை நீக்க 2014 இல் வெளிவந்ததே எக்ஸ்அரே. முதலில் எக்ஸ்ரே என்று அழைக்கப்பட்ட இதன் பெயர் 2016 இல் மாற்றப்பட்டது. இதில் ஒவ்வொரு பரிமாணத்துக்கும் ஒரு பெயரும், அதிலுள்ள ஒவ்வோர் இடத்துக்கும் திகதி போன்ற ஓர் ஆள்கூறும் கொடுக்கலாம். இரண்டு அணிகளைக் கூட்டினாலும் கழித்தாலும் ஒரே ஆள்கூறு உள்ளவற்றையே அது சோடி சேர்க்கும். சோடி இல்லாதவற்றை விட்டுவிடும்.

நாம் ஆள்கூறு கொடுக்காவிட்டால்? ஆரம்பப் பதிப்புகளில் மென்பொருளே 0, 1, 2 என்று இலக்கமிட்டுவிடும். நல்ல உதவிதானே என்று தோன்றும். ஓர் உதாரணம் பார்ப்போம்.

டிசம்பர் மாத மழைவீழ்ச்சியை எங்கள் வீட்டிலும் உம்மம்மா வீட்டிலும் அளப்பதாக வைத்துக்கொள்வோம். எங்கள் கொப்பியில் 31 பதிவுகள். உம்மம்மா வீட்டில் 4 ஆம் திகதிதான் தொடங்கியதால் 28 பதிவுகள். திகதி கொடுக்காமல் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறோம். இரண்டுக்கும் 0 இலிருந்து இலக்கம் இடப்படுவதால், எங்கள் 1 ஆம் திகதி அங்குள்ள 4 ஆம் திகதியுடன் சோடி சேரும்; 2 ஆம் திகதி 5 உடன் சேரும். எங்கள் கடைசி மூன்று நாட்கள் சத்தமில்லாமல் விடுபடும். 28 விடைகள் வரும். எல்லாமே பிழையான சோடிகள். பிழைச் செய்தி எதுவும் வராது. அந்த விடைகளை வைத்து அழகான வரைபும் கீறலாம்!

2017 ஜனவரியில் வந்த 0.9 ஆம் பதிப்பில் இந்தத் தானியங்கி இலக்கங்கள் நிறுத்தப்பட்டன. நாம் ஆள்கூறு கொடுக்காவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். இப்போது அதே கழித்தலைச் செய்தால், 31 உம் 28 உம் பொருந்தவில்லை என்று மென்பொருள் நின்றுவிடும். நாம் கொப்பியைத் திறந்து பார்ப்போம். திகதிகளைக் கொடுத்தால் 4 முதல் 31 வரை சரியாகச் சோடி சேரும். இப்போதும் 28 விடைகள்தான். ஆனால் இவை உண்மையானவை.

இருந்தாலும் மென்பொருள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடாது. இரண்டு கொப்பிகளிலும் 28 பதிவுகளே இருந்து, தொடங்கிய திகதிகள் மட்டும் வேறாக இருந்தால், ஆள்கூறு இல்லாத அணிகளை அது இடத்தைக் கொண்டே சோடி சேர்த்துவிடும். எந்தப் பதிவு எந்த நாளுக்குரியது என்பது அளந்தவருக்குத்தான் தெரியும். ஆகவே, சகோதரிகளே, செயற்றிட்டத்துக்குத் தரவு சேர்க்கும்போது முதல் நிரலில் திகதியை எழுதுங்கள். தெரியாத திகதியை ஊகித்து நிரப்பாமல் வெறுமையாக விடுங்கள்.

உம்மாவும் இப்போது போத்தலைக் கழுவும்போதே அதிலுள்ள பெயரையும் கழற்றிவிடுகிறார்.