வலுப் பயிற்சியில் தேக்கநிலை: வரையறை பற்றிய சில குறிப்புகள்

பளுதூக்கிப் பயில்வோர் பலர், சில வாரங்களில் சுமை கூடாதுவிடின், தாம் தேக்கமடைந்துவிட்டதாகக் கருதுகின்றனர். இக்கணிப்பு எப்போது பொருந்தும் என்பது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. தேக்கம் தவறாக இனங்காணப்படின் பரிகாரமும் தவறாகவே அமையும். அதனால் விளையும் தீங்கை உடலே அனுபவிக்க நேரும்.

வளர்ச்சி இடையில் மட்டமாகக் கிடப்பது உளவியலாளர் முன்னரே அவதானித்தவொன்றாகும். 1897 இல் பிறையன், ஹார்ட்டர் ஆகியோர் தந்திமுறை பயில்வோரை ஆராய்ந்தபோது, திறன் சில காலம் உயராதிருந்து பின்னர் மீண்டும் உயர்வதைக் கண்டனர். வலுப் பயிற்சியைப் பொறுத்தவரை, தோமஸ் டிலோர்ம் 1945 இல் வெளியிட்ட கட்டுரை முக்கியமானது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற படைவீரருக்குச் சிகிச்சையளித்த அவர், வலு பெருகப் பெருகச் சுமையும் கூட்டப்படல் வேண்டுமென வற்புறுத்தினார். இதனைத் தலைகீழாக விளங்கிக்கொண்டோர், சுமை கூடாத வாரமெல்லாம் வலுவும் கூடவில்லையென முடிவுசெய்கின்றனர்.

ஆரம்பகால வேகம் நீடிப்பதில்லை. மொறிற்றானி, டி விறீஸ் ஆகியோரின் 1979 ஆம் ஆண்டு ஆய்வின்படி, முதல் வாரங்களிற் பெறப்படும் வலு பெரும்பாலும் நரம்புத் தொகுதியின் இசைவாக்கத்தால் விளைவது. தசைவளர்ச்சியின் பங்கு பின்னரே மேலோங்குகின்றது. எனவே வேகம் குறைதல் வேறு, வளர்ச்சி நிற்றல் வேறு.

இவற்றை மனங்கொண்டு பின்வருமாறு வரையறுக்கலாம்: பயிற்சி, உணவு, உறக்கம் ஆகியன ஒழுங்காக அமைந்திருக்கவும், ஒரே முறையில் அளக்கப்படும் வலு, பயில்வோரின் அனுபவத்துக்கேற்ற கால எல்லைக்குள் உயராதிருப்பதே தேக்கநிலை.

இதில் மூன்று நிபந்தனைகள் உள்ளன. முதலாவது அளவை. 60 கிலோகிராமை ஐந்து முறை தூக்கியவர் அடுத்து அதையே ஆறு முறை தூக்குவாராயின் அவர் முன்னேறியுள்ளார். சுமை மாறாமை தேக்கமாகாது. இரண்டாவது காலம். வலு நாளுக்கு நாள் சிறிது ஏறியிறங்குவதால், ஒரு நாட் பெறுபேற்றை வைத்து முடிவுசெய்தல் தகாது. புதிதாகப் பயில்வோரிடத்துச் சில வாரங்களும், நீண்டகாலம் பயின்றோரிடத்துப் பல மாதங்களும் நோக்கப்படல் வேண்டும். மூன்றாவது வாழ்நிலை. களைப்பு உள்ள வலுவை மறைக்கும். சுமையைக் குறைத்து ஒரு வாரம் பயின்றபின் வலு உயருமாயின், அங்கு இருந்தது களைப்பேயன்றித் தேக்கமன்று.

மூன்றாவது நிபந்தனையே பெரிதும் புறக்கணிக்கப்படுகின்றது. பகலெல்லாம் மூட்டை சுமந்து, போதிய உணவும் உறக்கமுமின்றி மாலையிற் பயில வருபவனிடம் முயற்சி போதாதென்று கூறிச் சுமையைக் கூட்டுதல் அறியாமையாகும். அவனுக்கு வேண்டியது ஓய்வும் உணவுமே. தேக்கத்தைச் சரிவர வரையறுப்பதன் பயன், குறை பயில்வோனிடத்ததா, பயிற்சியிடத்ததா, அவனது வாழ்நிலையிடத்ததா எனப் பிரித்தறிய முடிவதேயாகும்.