பழைய துணிக்கும் ஒரு கடை

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபின், தமிழகக் கடற்கரைக்குப் பழைய துணிகள் லாரி லாரியாக வந்து குவிந்தன. கிழிந்தவை, அழுக்கேறியவை, மீனவப் பெண்கள் உடுத்தாதவை எனப் பல மூட்டைகள் சாலையோரத்திலேயே கிடந்தன. 1999-இல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பினர் அவற்றைத் தரம் பிரித்தனர். உடுத்த உதவாத பருத்தித் துணியை மாதவிலக்குத் துணிகளாகவும் தைத்தனர்.

இங்கிலாந்தில் வழி வேறு. 1942-இல் தோன்றிய ‘ஆக்ஸ்பாம்’ ஆக்ஸ்போர்டு நகரில் ஒரு கடை திறந்தது. மக்கள் தரும் பழைய பொருள்களை ஊதியம் பெறாத தொண்டர்கள் விற்பார்கள். வரும் பணம் பசித்தோருக்குச் செல்லும்.

இலவசமாகவே கொடுத்தால் என்ன? தானமாகப் பெறுபவர், “நிறம் பிடிக்கவில்லை, அளவு சிறிது” என்று சொல்லத் தயங்குவார். பத்து ரூபாயாவது கொடுத்து வாங்குபவரோ புரட்டிப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் வைத்துவிட்டுப் போவார். அந்த உரிமை சிறிதன்று.

ஆனால் வெள்ளத்தின்போது கடை உதவாது. 2023 டிசம்பரில் நம் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தவருக்குச் சரிகைப் பாவாடை எதற்கு? உலர்ந்த சாரமும் நைட்டியும் போர்வையுமே வேண்டும்.

கொடுக்குமுன் துவைத்து, பொத்தான் தைத்து, அளவு எழுதி வைத்தால் பிரிப்பவர் வேலை பாதியாகும். சிறிதாகிப்போன சீருடைகளை முதலில் எடுப்போம். ஜூன் மாதத்தில் அவற்றுக்குத்தான் தேவை அதிகம்.