கடலையில் மறைந்திருக்கும் நஞ்சை ஒளி காட்டும்

பார்வைக்கு நல்ல பருப்பு. வாயில் போட்டாலும் கசக்காது. ஆனால் ஆய்வகத்தில் அப்ளாடாக்சின் கூடுதலாக இருப்பதாகச் சொல்லி, ஏற்றுமதிக்குப் போன சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நேரடியாக உண்ணும் நிலக்கடலையில் ஒரு கிலோவுக்கு மொத்தம் 4 மைக்ரோகிராம் வரைதான் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் என்று பிறகு தெரிந்தது. புற ஊதா விளக்கின் கீழ் அந்த நஞ்சில் ஒரு வகை நீலமாகவும் இன்னொன்று பச்சையாகவும் ஒளிர்ந்தது. பி, ஜி என்ற பெயர்கள் அந்த நிறங்களின் ஆங்கில முதலெழுத்துகள்தான்.

இந்த ஒளிர்தலைத்தான் லேசர் தரம் பிரிக்கும் இயந்திரங்கள் பயன்படுத்துகின்றன. மேலிருந்து விழும் பருப்புகள் மீது லேசர் கற்றை பாய்கிறது. எந்தப் பருப்பிலிருந்து திரும்பும் ஒளி மாறுபடுகிறதோ, அதைக் காற்று ஊதித் தள்ளிவிடுகிறது. அரைப்பதோ உடைப்பதோ இல்லை. ஒரு மூட்டையில் நஞ்சு எல்லாப் பருப்பிலும் பரவியிருக்காது. சில பருப்புகளில் மட்டும் குவிந்திருக்கும். ஒரு கைப்பிடி மாதிரியில் அவை சிக்காமல் போகலாம். அதனால்தான் பருப்பு பருப்பாகப் பார்ப்பதற்கு மதிப்பு.

குறையும் உண்டு. லேசர் பார்ப்பது மேற்பரப்பை. பருப்பின் இரு பாதிகளுக்கு நடுவே ஒளிந்த பூஞ்சணம் தப்பிவிடலாம். எனவே ஆய்வகச் சோதனையை விட்டுவிட முடியாது. மக்காச்சோளத்தில் தெரியும் பச்சை-மஞ்சள் ஒளிர்வு நஞ்சே அல்ல, அதே பூஞ்சணம் உண்டாக்கும் வேறொரு பொருளால் வருவது. ஆகவே கைவிளக்கு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அதை மட்டும் நம்பிவிட வேண்டாம். புற ஊதா ஒளி கண்ணுக்கும் கேடு.

இயந்திரம் ஆலைக்குத்தான் கட்டுப்படியாகும். நம் வேலை வயலிலேயே இருக்கிறது. காய் முற்றும் கடைசி வாரங்களில் வறட்சி வந்தால் பூஞ்சணம் உள்ளே புகும்; முடிந்தால் ஒரு தண்ணீர் கொடுங்கள். களைக்கொத்து காயில் படக்கூடாது. குலுக்கினால் பருப்பு கலகலக்கும் வரை காய வையுங்கள். தோல் உரிக்கும் முன் உடையாமலிருக்கக் காயில் தண்ணீர் தெளிக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள்.

கழித்த பருப்பைச் செக்குக்கு அனுப்பினால், நஞ்சு புண்ணாக்கோடு மாட்டுக்குப் போய்ப் பாலில் வரும்.